பாய்க்குக் காற்று வேண்டும், வலைக்கு வேண்டாம்

சென்ற ஆண்டு இதே பக்கத்தில் ஓர் அறிவிப்பு எழுதியிருந்தேன். மர்மகோவாவிலிருந்து புறப்பட்டு, லட்சத்தீவு வழியாகக் கொச்சி வரை ஒரு பாய்மரக் கலத்தில் சென்று, அரபிக்கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நெகிழியை அளக்கப்போகிறோம் என்பது அதன் சாரம். படித்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எப்போது புறப்படுகிறீர்கள்? இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறதா? என் நெறியாளர் மட்டும் வேறொன்று கேட்டார். இந்த நாட்டில் கடல் ஆய்வுக் கப்பல்கள் இருக்கின்றன. விண்ணப்பித்துக் காத்திருந்தால் ஏதோ ஒரு பயணத்தில் ஓர் இடம் கிடைக்கும். அப்படியிருக்கப் பாய்மரம் எதற்கு? காற்றில் போவது அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அந்த இரண்டு பக்கத்தை எழுத ஐந்து மாதம் ஆயிற்று. எழுதி முடித்தபோது பயணத்தின் காலம், பாதை, நோக்கம் எல்லாமே மாறியிருந்தன. பணம் தருவதாகச் சொன்னவர்களில் ஒருவர் விலகியும் விட்டார். என்ன மாறியது, ஏன் மாறியது என்பதைக் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியே விளக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையுள்ளோர் தொடரலாம்.

நான் கடலோர ஊர்க்காரன் இல்லை. பிறந்தது திருச்செங்கோட்டில். எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்பது ஆயிரம் அடிக்குக் கீழே துளைபோட்டுத் தேடவேண்டிய பொருள்; அதைத் தேடி நாடெங்கும் போகும் ரிக் லாரிகளின் ஊர் அது. ஆகவே காற்றைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் முதலில் நூல்வழி வந்தது. எங்கள் கலத்தின் உரிமையாளரும் அதை ஓட்டப்போகிறவரும் ஒருவரே: கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற கோவாக்காரர். கேப்டன் என்றே அழைக்கிறோம். கலம் 42 அடி நீளம், கண்ணாடியிழை உடல், ஒரே மரம், ஆறு பேர் படுக்கலாம்.

கடல் நெகிழி ஆய்வின் வரலாற்றில் பாய்மரக் கலங்களுக்குப் பெரிய இடம் உண்டு. 1972இல் எட்வர்டு கார்ப்பெண்டரும் ஸ்மித்தும் சர்காசோக் கடலில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 3,500 நெகிழித் துண்டுகள் மிதப்பதாகச் 'சயின்ஸ்' இதழில் எழுதியபோது உலகம் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. 1997இல் சார்லஸ் மூர் என்னும் அமெரிக்கர், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹவாய் வரை நடந்த பாய்மரப் பந்தயம் முடிந்து தம் 'அல்கிட்டா' கலத்தில் ஊர் திரும்பும்போது, பாய்மரக்காரர்கள் வழக்கமாக விலகிச் செல்லும் காற்றில்லாப் பகுதியின் ஊடாக வந்தார். நாள்கணக்கில் கண்ணில் பட்டதெல்லாம் நெகிழிக் குப்பை. 1999இல் வலையோடு அங்கே திரும்பிச் சென்றார். மிதவை உயிரிகளின் எடையைப்போல் ஆறு மடங்கு எடை நெகிழி அந்த வலையில் சிக்கியது. அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் 'குப்பைத் திட்டு' என்ற சொல் செய்தித்தாள் வரை வந்தது.

கவனிக்க வேண்டியது, அவர் நெகிழியைக் கண்ட இடம் காற்றில்லாத இடம் என்பது. காற்றில்லாததால்தான் பாய்மரங்கள் அதைத் தவிர்த்தன. எங்கள் திட்டத்தின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

நாங்கள் பயன்படுத்தப்போவது மாண்டா வலை. கொம்புத் திருக்கையைப்போல் இருபுறமும் சிறகு விரித்து நீர்ப்பரப்பில் மிதந்துவரும் உலோக வாய், அதன் பின்னால் நீண்ட வலைப் பை. வாயின் அகலம் 60 சென்டிமீட்டர், வலைக்கண் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மணிக்கு இரண்டரைக் கடல் மைல் வேகத்தில் அரைமணி நேரம் இழுத்தால் ஏறத்தாழ 1,400 சதுர மீட்டர் பரப்பை அது அள்ளும். ஒரு பயணத்தில் 36 இழுவை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 0.05 சதுர கிலோமீட்டர். அரபிக்கடலின் பரப்பு 38 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்த விகிதத்தை என் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். பெரிய வாக்கியங்கள் எழுதத் தோன்றும்போது பார்ப்பதற்கு.

வலை அள்ளுவது மேல்நீரின் ஒரு சாண் ஆழத்தை மட்டும். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் நீரைவிட இலேசானவை, மிதக்கும். ஆனால் காற்று வீசி அலை உடையத் தொடங்கியதும் மேல்நீர் கலங்கி, அந்தத் துகள்கள் சில மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. 2012இல் குகுல்கா குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது: காற்று கூடும்போது வலையில் விழும் எண்ணிக்கை குறைகிறது, கடலில் இருப்பது குறையாமலே. பலத்த காற்றில் எடுத்த மாதிரியை அப்படியே நம்பினால் உண்மையைப் பல மடங்கு குறைத்துச் சொல்லிவிடுவோம். கணக்கால் திருத்தலாம், திருத்துகிறார்கள். ஆனால் காற்று ஏற ஏறத் திருத்தத்தின் நம்பகம் இறங்குகிறது.

ஆக, பாய்மரத்தை நகர்த்தும் காற்றே அது தேடிவந்த பொருளை ஒளித்துவைக்கிறது. கேப்டனிடம் இதை விளக்கியபோது அவர் சிரித்தார். "காற்று பத்தைத் தாண்டினால் உங்கள் வலை தண்ணீரைவிட்டு எம்பும். ஐந்துக்குக் கீழே போனால் என் கலம் நிற்கும். நடுவே இருப்பதுதான் உங்கள் ஆய்வு." வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்த மொழி நம்முடையது; எங்களுக்குத் தேவைப்பட்டதோ திசையைவிட வேகம். ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட அந்தக் காற்றில், பெரிய பாயைச் சுருட்டி முன்பாயை மட்டும் வைத்து, கலத்தை இரண்டரைக் கடல் மைல் வேகத்தில் நிறுத்திக் காட்ட முடியும் என்று அவர் உறுதி சொன்னார். இரண்டு நாள் மண்டோவி முகத்துவாரத்துக்கு வெளியே ஒத்திகை பார்த்தோம். முடிகிறது. வேகம் சீராக இல்லை. வலையின் வாயில் பொருத்திய நீரளவி அதைச் சரிக்கட்டும்.

காற்றே இல்லாத வேளைகள்? அளப்பதற்கு மிகச் சிறந்த வேளை அதுதான். அப்போது எஞ்சினை முடுக்கி இழுப்பதா, கூடாதா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. குழுவில் இளையவர்கள் எஞ்சின் கூடவே கூடாது என்றார்கள். நான் ஒப்பவில்லை. அரைமணி இழுவைக்கு ஒன்றரை லிட்டர் டீசல் போகும். பசுமை என்ற சொல்லைக் காப்பாற்றுவதற்காகக் கடல் கண்ணாடிபோல் கிடக்கும் நேரத்தில் அளக்காமல் உட்கார்ந்திருப்பது அறிவியலும் ஆகாது, சிக்கனமும் ஆகாது. பயணம் முழுவதற்கும் 120 லிட்டர் என்று உச்சவரம்பு வைத்தோம். பவளத் தீவுகளின் குறுகிய வாயில்களில் நுழைய வெளியேற எஞ்சின் இல்லாமல் முடியாது என்பதால் அதையும் சேர்த்து. லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் கணக்கிட்டால் சுமார் 325 கிலோ கரியமில வாயு. குழுவில் இருவர் டெல்லியிலிருந்து விமானத்தில் வந்து திரும்பினாலே அதைவிட அதிகம் ஆகிவிடும். ஆகவே பயணத்தின் முதல் விதி கடலைப் பற்றியதே அல்ல: எல்லோரும் ரயிலில் வரவேண்டும். இதைச் சொன்னபோது முகங்கள் வாடியதைப் பார்த்தேன். அலைகளுக்கு நடுவே தியாகம் செய்ய ஆயத்தமாக இருப்பவர்களுக்குக் கொங்கண் ரயிலின் இரண்டாம் வகுப்புத் தூங்கும் வசதி அவ்வளவு உவப்பாக இருப்பதில்லை.

விலகிப்போன நன்கொடையாளரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு நிறுவனம் எங்கள் செலவில் பாதியை ஏற்க முன்வந்தது. பெயர் வேண்டாம். ஒரு நிபந்தனை: பெரிய பாயில் அவர்களின் சின்னமும், அதற்குக் கீழே 'நெகிழி இல்லாப் பயணம்' என்ற வாசகமும் இருக்கவேண்டும், ஆளில்லா விமானத்தால் படம் எடுப்பார்கள். நாங்கள் அவர்களிடம் கேட்டது, பாய் எதனால் நெய்தது என்று தெரியுமா என்பதுதான். இன்று இத்தகைய கலங்களின் பாய்த்துணி பெரும்பாலும் டாக்ரான் எனப்படும் பாலியெஸ்டர். வேதியியலில் அது பாலிஎத்திலீன் டெரிப்தாலேட். தண்ணீர் பாட்டிலும் அதே பொருள்தான். நெகிழி இல்லை என்ற வாசகத்தை நாற்பது சதுர மீட்டர் நெகிழியின்மேல் அச்சிட்டு உயரத் தூக்கிப் பிடிக்கவேண்டும். கலத்தின் உடல் கண்ணாடியிழையும் பிசினும். கயிறுகள் பாலியெஸ்டரும் நைலானும். உயிர்காப்பு அங்கி, தொங்கல், மின்கம்பியின் உறை, வானொலிப் பெட்டி எல்லாம் நெகிழி. வாசகத்தை மாற்றலாமா என்று கேட்டோம். 'நெகிழியை அளக்கும் பயணம்' என்று வைத்துக்கொள்ளலாமே என்றோம். அது ஈர்ப்பாக இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. பிறகு வரவில்லை.

தென்னங்கயிறு பயன்படுத்தினால் என்ன என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது, லட்சத்தீவின் பழைய ஓடங்கள் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்தே கட்டப்பட்டவை. லோத்திகா வரதராஜன் அந்தத் தைத்த ஓடங்களைப் பற்றி எழுதிய நூலை 1998இல் வெளியிட்டதும் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம்தான். 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்ட 'கௌண்டின்யா' அந்த மரபின் இன்றைய மறுபிறப்பு. நெகிழியற்ற கலம் வேண்டுமென்றால் அப்படி ஒன்றில்தான் போகவேண்டும். எங்களிடம் உள்ள பணத்துக்கு அதன் சுக்கானைக்கூட வாங்க முடியாது. கலத்தின் பக்கவாட்டில் தொங்கும் மோதுதாங்கிகளைத் தென்னங்கயிற்றில் பின்னச் சொல்லியிருக்கிறோம், அவ்வளவே. உயிரைத் தாங்கும் கயிறு எதுவும் மாற்றப்படாது. ஆறு பேரைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது என் பொறுப்பு.

இந்த உரையாடல்களிலிருந்து வேறொரு வேலை முளைத்தது, அதுவே இப்போது என் நேரத்தில் பாதியைத் தின்கிறது. நெகிழியால் ஆன கலத்தில் போய் நெகிழியைத் தேடினால், கிடைத்தது கடலுடையதா கலத்துடையதா என்று எப்படித் தெரியும்? இது வெறும் ஐயம் அன்று. அண்டார்க்டிகாவின் வெட்டல் கடலில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2021இல் வந்த கட்டுரை, அவற்றிலிருந்த துகள்களில் கணிசமானவை ஆய்வுக் கப்பலின் சொந்த வண்ணப்பூச்சிலிருந்து உதிர்ந்தவை என்று காட்டியது. உலகின் மிகத் தூய கடல்களில் ஒன்றுக்கு நெகிழி தேடிப் போனவர்களின் வலையில் அவர்களுடைய கப்பலே சிக்கியது. அதை மறைக்காமல் வெளியிட்ட அந்தக் குழுவின்மீது எனக்குப் பெரும் மரியாதை.

நாங்கள் செய்வது இது. கலத்தின் பக்கவாட்டில் நீண்ட கம்பு ஒன்றை நீட்டி, கலம் கிளப்பும் நுரைத்தடத்துக்கு வெளியே வலை வருமாறு கட்டுகிறோம். கலத்திலுள்ள நெகிழிப் பொருள் ஒவ்வொன்றிலும் சிறு துணுக்கு எடுத்து, அகச்சிவப்பு நிறமாலையைப் பதிந்து, ஒரு நூலகம் ஆக்குகிறோம். கடலில் கிடைக்கும் ஒவ்வொரு துகளும் முதலில் அந்த நூலகத்தோடு ஒப்பிடப்படும். ஒத்துப்போனால் கணக்கிலிருந்து நீங்கும். ஒவ்வோர் இழுவையின்போதும் ஈரமான வடிதாள் ஒன்று திறந்த கண்ணாடித் தட்டில் தளத்தின்மேல் இருக்கும். காற்றில் எங்களிடமிருந்து பறக்கும் இழைகள் அதில் விழும். உடைகள் பருத்தி மட்டும், அதுவும் அனைவருக்கும் ஒரே அடர்மஞ்சள் நிறத்தில், வலையில் மஞ்சள் இழை கண்டால் எங்களுடையது என்று உடனே தெரிவதற்காக. புகைப்படத்தில் ஆறு பேரும் பழனிக்குப் போகிறவர்களைப்போல் தெரிவோம்.

மற்ற ஏற்பாடுகளை விரிக்க வேண்டியதில்லை. சூரியத் தகடுகள், பித்தளைச் சல்லடைகள், கண்ணாடிக் குப்பிகள். துத்தநாகக் குளோரைடு போன்ற நச்சு உப்புகள் கலத்தில் ஏறா. பிரித்தெடுக்கும் வேலை ஆய்வகத்தில்தான். கழிவறைத் தொட்டியைக் காயலுக்குள் திறப்பதில்லை. நங்கூரம் மணலில் மட்டும், பவளத்தின்மேல் இல்லை. தீவு நுழைவு அனுமதி, கடலோரக் காவல்படைக்கான தகவல், செயற்கைக்கோள் பேசிக்கான உரிமம் ஆகியவற்றுக்கு நிரப்பிய படிவங்களின் எடை மட்டும், வலையில் சிக்கப்போகும் நெகிழியின் எடையைவிட நிச்சயம் கூடுதல்.

காலத்தைப் பற்றிய கேள்விதான் கடினமானது. நம் மேற்குக் கரையின் ஆறுகள் ஆண்டின் நீரில் பெரும்பகுதியை ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டுகின்றன. கரைக் குப்பை கடலுக்குள் போவதும் அப்போதே. அந்த மாதங்களில் எங்கள் கலம் வெளியே தலைகாட்ட முடியாது. 2025 மே 25ஆம் நாள் 'எம்எஸ்சி எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. பருவமழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. சில நாள்களில் கேரளத்தின் தென்கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் வெண்ணிற நெகிழி மணிகள் ஒதுங்கின. 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கப்பலிலிருந்தும் 1,680 டன் அளவுக்கு இதே வகை மணிகள் இருந்தன. அதுவும் பருவக்காற்றின் வாயிலில் நடந்ததே. கடலில் நெகிழி கொட்டும் காலமும், பாய்மரம் கடலில் இறங்கும் காலமும் சேர்வதில்லை. மழைக்கால நிலையை எங்கள் பயணம் அளக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அப்படியானால் ஜனவரியில் அளக்கத்தக்கது என்ன? அரபிக்கடலில் பசிபிக்கைப்போல நிலையான குப்பைத் திட்டு கிடையாது. வடக்கே நிலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை நீரோட்டம் திசை மாறுகிறது. ஆகவே வட இந்தியப் பெருங்கடலில் விழுந்த நெகிழியின் பெரும்பகுதி சுற்றிச் சுற்றி ஏதோ ஒரு கரையிலேயே ஏறிவிடுகிறது என்று வான் டெர் மீன், பட்டியாராச்சி முதலியோரின் 2020ஆம் ஆண்டு மாதிரிக் கணிப்பு சொல்கிறது. இன்னொரு புறம், நவம்பர் முதல் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் கிழக்குக் கரையோரமாக இறங்கி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, குளிர்காலத்தில் லட்சத்தீவுப் பகுதிக்கு வருவது நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மை. மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி எல்லாம் கலந்த நீர். நம் கூவமும்தான். அந்த நீரோடு நெகிழியும் வருகிறதா? வந்தால், உப்பு குறையும் இடத்தில் துகள் எண்ணிக்கை கூடுகிறதா? ஒரு சிறு கலமும், ஒரு வலையும், ஓர் உப்பளவியும் போதுமான கேள்வி இது. ஜனவரி அதற்கு ஏற்ற காலம். காற்றும் மெல்லியது.

இதோடு திட்டம் முடிந்திருக்கும், இக்கா குறுக்கிட்டிருக்காவிட்டால். இக்கா என்று நான் அழைப்பது அகத்தித் தீவைச் சேர்ந்த என் ஆய்வக மூத்தவரை. என் வரைபடத்தைப் பார்த்தார். மர்மகோவாவிலிருந்து கவரத்தி வரை 300 கடல் மைல். அதில் இருபத்திரண்டு இழுவைகள். தீவுகளுக்கு ஒதுக்கியது மூன்று நாள், அதில் ஒன்று ஓய்வு.

"கடலில் எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரியவேண்டும். சரி. எங்களுக்குத் தெரியவேண்டியது வேறு. எங்கள் கரையில் கிடப்பதில் எங்கள் கடைச் சாமான் எவ்வளவு, வெளியே இருந்து வந்தது எவ்வளவு? நாங்கள்தான் போடுகிறோம் என்று அதிகாரி சொல்கிறார். கடல்தான் கொண்டுவருகிறது என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். இரண்டில் எது என்று எழுதித் தர உன் படகால் முடியுமா?"

எழுதித் தர முடியாது என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. பிறகு நிலவியலைப் பார்த்தேன். லட்சத்தீவின் பெரும்பாலான தீவுகள் பவளத்திட்டின் கிழக்கு விளிம்பில் நீளவாக்கில் கிடக்கின்றன, காயல் மேற்கே. ஆகவே கிழக்குக் கரை திறந்த கடலைப் பார்க்கிறது; குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து வருவது அங்கே ஏறும். கவரத்தியில் மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். அதற்குத் தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் உள்ள சுஹேலியில் நிலையான குடியிருப்பு இல்லை. பருவத்தில் மீனவர்கள் வந்து தங்கிப் போவார்கள். இரண்டின் கிழக்குக் கரைகளையும் ஒரே வாரத்தில், ஒரே நீளத்துக்கு, ஒரே முறையில் சல்லடையிட்டால் இக்காவின் கேள்விக்கு முழு விடை இல்லாவிட்டாலும் ஒரு வேறுபாடு கிடைக்கும். ஆள் குறைந்த தீவு தூய தீவு என்று பொருளில்லை. சேஷெல்ஸின் அல்டாப்ரா பவளத்தீவில் ஒரு சிறு ஆய்வு நிலையத்தைத் தவிர யாரும் இல்லை. 2019இல் அங்கிருந்து 25 டன் குப்பையை அகற்றிய பிறகும் 500 டன்னுக்கு மேல் எஞ்சியிருப்பதாக மதிப்பிட்டார்கள். எடையில் பெரும்பகுதி மீன்பிடிக் கருவிகள்.

கரையில் இன்னொரு வசதியும் உண்டு. தண்ணீர் பாட்டிலின் உடல் நீரைவிடக் கனமானது, மூடி இலேசானது. மூடி திறந்த பாட்டில் மூழ்கிவிடும், மூடி மட்டும் மிதக்கும். ஆகவே மேல்நீரை அள்ளும் வலை பாட்டிலை அறியவே அறியாது. மூடியிட்ட பாட்டிலோ மிதந்துவந்து கரையேறி, அடியில் பொறித்த எழுத்துகளோடு எங்கிருந்து வந்தது என்பதையும் ஓரளவு சொல்லும். கன்னியாகுமரிக் கரையிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய நெகிழி மணிகள் எங்கள் நூலகத்தில் ஒப்புக்காக இருக்கின்றன. தீவுக் கரையில் மணிகள் கிடைத்தால் அவற்றோடு ஒப்பிடுவோம். ஒத்துப்போனாலும் அதே கப்பலுடையவை என்று அறுதியிட முடியாது. ஒத்துப்போகாவிட்டால் அவையல்ல என்று சொல்லலாம். எதிர்மறை விடையும் விடைதான்.

இப்போது வரைபடம் தலைகீழாகிவிட்டது. கடலில் இழுவை 36இலிருந்து 18. தீவுகளில் மூன்று நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாள். இழுவைகளில் பெரும்பாலானவை உப்பு மாறும் இடத்தைக் குறுக்கே வெட்டும் ஒரே கோட்டில் அமையும்.

அந்தக் கோடுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. வட அட்லாண்டிக்கில் ஒரு கடற்கல்வி அமைப்பின் பாய்மரப் பயிற்சிக் கப்பல்களில் மாணவர்கள் 1986 முதல் 2008 வரை இருபத்திரண்டு ஆண்டு, ஒரே வகை வலையை, ஏறத்தாழ ஒரே பாதைகளில் இழுத்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இழுவைகள், 64,000க்கும் மேற்பட்ட துண்டுகள். காரா லாவெண்டர் லாவும் மற்றவர்களும் 2010இல் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். மேலே சொன்ன காற்றுக் கலக்கல் ஆய்வுக்கும் அடிப்படை இத்தகைய இழுவைகளே. நெறியாளரின் கேள்விக்கு என் விடையை இங்கேதான் கண்டேன். பாய்மரக் கலம் ஆய்வுக் கப்பலைவிடத் தூயது என்பதால் அன்று. அது மலிவானது, ஆகவே திரும்பப் போகலாம் என்பதால். பெரிய கப்பல் ஒரு நாளில் எரிக்கும் எண்ணெயின் விலையில் நாங்கள் ஒரு பயணம் முழுவதையும் முடிக்கலாம். ஒரே கோட்டை ஒவ்வொரு ஜனவரியும் வெட்டினால்தான் இந்தக் கலத்துக்குப் பொருள் உண்டு. ஒருமுறை போய்ப் படமெடுத்துத் திரும்பினால், கப்பலில் ஓர் இடத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதே மேல்.

எனக்கு உதவித்தொகை இன்னும் இரண்டு ஆண்டுக்குத்தான். அதில் விழுவது இரண்டு ஜனவரி. இரண்டு புள்ளியை வைத்துப் போக்கு எதையும் வரைய முடியாது என்பது இப்பக்கத்தைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். முதல் திட்டப்படி 36 இழுவையும் பல இடங்களில் சிதறியிருந்தால் ஒரு நல்ல பரவல் வரைபடமும், அதைக்கொண்டு ஒரு கட்டுரையும் கிடைத்திருக்கும். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் நிறைந்திருக்கும். புதிய திட்டத்தில் எனக்கு மிஞ்சுவது ஒரு முறையியலும், ஒரு தீவு ஒப்பீடும், நான் பார்க்கப்போகாத ஒரு தொடரின் முதல் இரண்டு எண்களும். நெறியாளர் என் பக்கங்களைப் படித்துவிட்டு, இரண்டு பக்கம் கேட்டேன், ஏழு எழுதியிருக்கிறீர்கள் என்றார். பிறகு, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது யாரும் ஏழு பக்கம் படிக்கமாட்டார்கள், கட்டுரை எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நான்கு நாள் யோசித்தேன். ஊரில் அப்பாவிடம் பேசினேன். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று தெரிந்தால்தான் போடுவேன் என்று சொன்னால் ஒரு போரும் போட முடியாது என்றார் அவர். அது எனக்கான விடையா, பழக்கத்தில் வந்த வாசகமா தெரியவில்லை. கோட்டையே தேர்ந்தேன். மூன்றாம் ஆண்டு முதல் இழுவைகளை நடத்த முதலாண்டு மாணவர் ஒருவர் இப்போதே குழுவில் சேர்ந்திருக்கிறார். வலை, நீரளவி, குறிப்பேட்டு வடிவம் அனைத்தும் அவர் பெயரில் ஒப்படைக்கப்படும்.

இடம் கேட்டவர்களுக்கு: ஆறு படுக்கையும் நிரம்பிவிட்டன. ஆனால் ஜனவரி கடைசி வாரம் கவரத்தியில் கரைச் சல்லடைக்கு நான்கு பேர் தேவை. தீவுக்காரர்களுக்கும், தீவு மொழி அறிந்தோருக்கும் முன்னுரிமை. தென்கிழக்கு அரபிக்கடலின் மேல்நீர் உப்பு அளவுகள் குளிர்காலத்துக்கு யாரிடமேனும் இருந்தால் பகிர்ந்து உதவுங்கள். உரிய இடத்தில் நன்றி உண்டு.

கலம் இப்போது கரையேற்றப்பட்டு அடிப்பகுதி சுரண்டப்படுகிறது. பழைய பூச்சு ஐந்து அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பி. நிறமாலை நூலகத்தில் இதுவரை 43 பொருள்கள் சேர்ந்துள்ளன. மிச்சமிருப்பவை பாயின் தையல் நூல், சமையல்மேடையின் தேய்ப்பான், என் மூக்குக்கண்ணாடிச் சட்டம்.